விரல் அறிந்த விசையும் அறியாத விசையும்

ஒளிரும் கீபோர்டுகளை அடுக்கி வைத்திருக்கும் அலமாரிக்கு முன்னால் போய் நின்றால் யாருக்கும் கொஞ்சம் தலை சுற்றும். சென்னை ரிச்சி தெருக் கடையாக இருந்தாலும் சரி, இணையக் கடையின் படமாக இருந்தாலும் சரி, எல்லாவற்றிலும் ஒரே வானவில் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றின் விலை ரூ.800. பக்கத்தில் இருப்பது ரூ.8,000. “ரெண்டும்தானே எரியுது, அப்புறம் என்ன வித்தியாசம்?” என்று கேட்பது நியாயமான கேள்வி. பதில் சொல்ல ஒரு டீ குடிக்கிற நேரம் வேண்டும். உட்காருங்கள்.

பேச வசதியாக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு ஒரே கம்ப்யூட்டர். பகலில் அக்கா அதில் டேலி போடுகிறார், ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறார், நடுநடுவே தமிழில் கடிதம் அடிக்கிறார். ராத்திரி பத்து மணிக்கு மேல் தம்பி வாலரண்ட் ஆடுகிறான். தூங்குகிறவர்களுக்குத் தொந்தரவாகிவிடும் என்று விளக்கை அணைத்துவிட்டுத்தான் ஆட்டம். இருவருக்கும் பொதுவாக ஒரு கீபோர்டு வாங்க வேண்டும். இந்த வீட்டுக்குப் பொருந்துவதைக் கண்டுபிடித்துவிட்டால், மற்றவர்கள் அதில் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

தேர்வு முழுவதையும் நடத்திச் செல்ல ஒரே ஒரு விதி போதும். கீபோர்டில் இரண்டு வகை விசைகள் இருக்கின்றன. ஒன்று, விரலுக்குப் பழகிய விசை. டைப் தெரிந்தவருக்கு எழுத்துகள், ஆடுகிறவனுக்கு டபிள்யூ-ஏ-எஸ்-டி. இவற்றை விரல் பார்க்காமலே போய்த் தொடும். இங்கே வெளிச்சத்துக்கு வேலையே இல்லை. விசைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. இன்னொன்று, விரலுக்குப் பழகாத விசை. மேல் வரிசையின் எஃப் விசைகள், எப்போதாவது தேவைப்படும் குறியீடுகள், டெலிட், ஒலியைக் குறைக்கும் விசை. இருட்டில் கண் தேடுவது இவற்றைத்தான். வெளிச்சம் உதவ வேண்டிய இடமும் இதுதான். ஆக, பழகிய விசைக்காகச் சுவிட்சைப் பாருங்கள், பழகாத விசைக்காக வெளிச்சத்தைப் பாருங்கள். இந்த வரிசையில் போவோம்.

மலிவான கீபோர்டைப் பிரித்தால் உள்ளே மூன்று பிளாஸ்டிக் தாள்கள் இருக்கும். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்தடம் அச்சிட்டிருப்பார்கள். நடுத் தாளில் ஒவ்வொரு விசைக்கும் ஒரு துளை. தாள்களுக்கு மேலே ரப்பர் குமிழ்கள். விசையை அழுத்தினால் குமிழ் மடங்கும், மேல் தாள் அந்தத் துளை வழியே கீழ்த் தாளைத் தொடும், எழுத்து விழும். இதுதான் மெம்ப்ரேன் கீபோர்டு. சத்தம் குறைவு, விலை குறைவு. ஒரு குறை உண்டு: கிட்டத்தட்ட அடிவரை அழுத்தினால்தான் எழுத்து பதியும். நாள் முழுக்க டைப் அடிக்கிறவரின் விரல்நுனி ஒவ்வொரு எழுத்துக்கும் தரையில் போய் மோதுகிறது. ரப்பர் தளர்ந்த பிறகு ஒரு விசை இளகியும் ஒரு விசை இறுகியும் நிற்கும். அதற்காக மெம்ப்ரேனை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தினம் ஒரு மணி நேரம் மின்னஞ்சல் பார்க்கிறவருக்கு அது தாராளம்.

ஆனால் ஒரு வார்த்தையிடம் ஜாக்கிரதையாக இருங்கள். பெட்டிமேல் ‘மெக்கானிக்கல் ஃபீல்’, ‘செமி மெக்கானிக்கல்’ என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அது மெம்ப்ரேன்தான். விசையின் மேல்மூடியான கீகேப் ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அடியில் விசைக்கு ஒன்றாகத் தனித்தனிப் பெட்டி போன்ற சுவிட்ச் இருந்தால்தான் மெக்கானிக்கல்.

மெக்கானிக்கல் சுவிட்சுக்குள் ஒரு ஸ்பிரிங், மேலும் கீழும் போகிற ஒரு தண்டு, இரண்டு உலோகத் தகடுகள். தண்டு பாதி தூரம் இறங்கியதுமே தகடுகள் தொட்டுக்கொள்ளும். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் சுவிட்சுதான் இன்றைக்கும் அளவுகோல். அதன் காப்புரிமை முடிந்தபின் கேட்டரான், கைல், அவுட்டெமு என்று சீன நிறுவனங்கள் அதே வடிவில் செய்து குவித்ததால்தான் விலை இறங்கி, மெக்கானிக்கல் நம் கைக்கு எட்டியது. செர்ரி தன் சுவிட்சுகளுக்கு வைத்த நிற அடையாளத்தையே மற்றவர்களும் பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள்.

சிவப்பு என்றால் தடையில்லாமல் வழுவழுவென்று இறங்குவது. செர்ரியின் சிவப்பு 4 மி.மீ. இறங்கும், 2 மி.மீ.யிலேயே பதிந்துவிடும், ஏறத்தாழ 45 கிராம் எடையை வைத்த அளவு அழுத்தம் போதும். ஒரே விசையைத் திரும்பத் திரும்பத் தட்டும் விளையாட்டுக்கு இது சுகம். எழுதும்போது கொஞ்சம் சிக்கல்: விரல் சும்மா அசைந்தாலே ஓர் எழுத்து விழுந்துவிடும். பழுப்பு நிறச் சுவிட்சில் நடுவழியில் ஒரு சின்ன மேடு தட்டுப்படும். ‘பதிந்துவிட்டது, விரலை எடுக்கலாம்’ என்று அது விரலுக்குச் சொல்கிறது. நீலத்தில் அந்த மேட்டோடு ‘டிக்’ என்ற ஒலியும் சேரும், பால்பாயிண்ட் பேனாவை அழுத்துகிற மாதிரி. டைப் அடிக்கிறவர்களில் பலருக்கு நீலத்தின்மேல் தனி மோகம். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு அது வீட்டையே எழுப்பிவிடும். மைக்கில் பேசிக்கொண்டே ஆடினால் எதிர்முனையில் இருப்பவர் காதில் உங்கள் குரலைவிட இந்த டிக்டிக்தான் அதிகம் கேட்கும். போதாததற்கு, நீலத்தில் விசை பதிகிற புள்ளியும் விடுபடுகிற புள்ளியும் தள்ளித்தள்ளி இருக்கும். வேகமாக இரண்டு தட்டுத் தட்டினால் ஒன்று தவறும்.

நம் அக்கா-தம்பி வீட்டுக்குப் பழுப்புதான் சமாதானம். முடிவெடுக்க முடியவில்லையா? ‘ஹாட்-ஸ்வாப்’ என்று போட்ட கீபோர்டைப் பாருங்கள். அதில் சுவிட்சுகளை ஈயம் வைத்துப் பற்றவைத்திருக்க மாட்டார்கள். கூடவே தரும் சின்ன இடுக்கியால் பிடுங்கி வேறு செருகிக்கொள்ளலாம். ஒரு சுவிட்ச் பழுதானால் அதை மட்டும் மாற்றினால் போதும். மூன்று கால் சுவிட்ச், ஐந்து கால் சுவிட்ச் என இரண்டு வகை உண்டு. ஐந்து காலை ஏற்கும் பலகை மூன்று காலையும் ஏற்கும். அதையே கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, பெட்டியில் ‘ஆன்ட்டி-கோஸ்டிங்’ என்று மிரட்டும் சொல். இதன் பின்னணி எளிது. 104 விசைகளுக்கு 104 கம்பி இழுக்க யாருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் விசைகளை நெடுக்கு, குறுக்குக் கோடுகள் சந்திக்கும் புள்ளிகளில் வைக்கிறார்கள். 8 குறுக்குக் கோடு, 13 நெடுக்குக் கோடு என்று வைத்தால் 21 கம்பியிலேயே 104 விசையும் அடங்கிவிடும். இதில் ஒரு வில்லங்கம். கியூ, டபிள்யூ ஒரு குறுக்குக் கோட்டிலும், ஏ, எஸ் அடுத்த கோட்டிலும் இருப்பதாக வையுங்கள். கியூ, டபிள்யூ, ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மின்சாரம் சுற்றிவளைத்து ஓடி, தொடாத எஸ் விசையும் அழுந்தியதாகக் காட்டும். அந்தப் பொய் விசைதான் கோஸ்ட். இதைத் தவிர்க்க மலிவான கீபோர்டுகள் சந்தேகம் வந்தால் மூன்றாவது விசையையே கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். தம்பி ஓடிக்கொண்டே குதித்துக்கொண்டே துப்பாக்கியை மாற்றும்போது மூன்றில் ஒன்று நடக்காமல் போவது அதனால்தான்.

நல்ல மெக்கானிக்கலில் ஒவ்வொரு விசைக்கும் ஒரு டயோடு வைத்து, மின்சாரம் திரும்பி ஓடாதபடி அடைத்துவிடுவார்கள். எத்தனை விசையை ஒன்றாக அழுத்தினாலும் அத்தனையும் பதியும். ‘என்-கீ ரோல்ஓவர்’ என்று போட்டிருப்பது அதைத்தான். ‘6-கீ’ என்று போட்டிருந்தாலும் பயமில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட் போன்றவை போக ஆறு விசை ஒரே நேரத்தில் பதியும் என்று பொருள். நமக்கு அதுவே மிஞ்சும். கடையிலேயே சோதிக்கலாம். நோட்பேடைத் திறந்து, இரண்டு ஷிஃப்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏ முதல் இசட் வரை அடித்துப் பாருங்கள். சில எழுத்துகள் விழவில்லையென்றால் அந்தக் கீபோர்டின் சாயம் வெளுத்துவிட்டது.

வேகக் கணக்கையும் பார்த்துவிடுவோம். சாதாரணக் கீபோர்டு விநாடிக்கு 125 முறை கம்ப்யூட்டரிடம் செய்தி சொல்லும். அதாவது 8 மில்லி விநாடிக்கு ஒருமுறை. கேமிங் கீபோர்டு 1,000 முறை. 1 மில்லி விநாடிக்கு ஒருமுறை. இப்போது 8,000 முறை என்றும் விற்கிறார்கள். 125-லிருந்து 1,000-க்குப் போவதில் ஓரளவு பொருள் இருக்கிறது. அதற்கு மேல் கொடுக்கிற காசு வீட்டுக் கம்ப்யூட்டரில் எங்கே போகிறது என்று தேட வேண்டியிருக்கும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒரு காட்சியை மாற்றவே ஏறத்தாழ 17 மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது. முதலில் மாற்ற வேண்டியது மானிட்டரை.

வேகத்தில் நிஜமான புதுமை வேறிடத்தில் நடந்திருக்கிறது. காந்தச் சுவிட்ச். 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவை வைத்து இயங்குவது. தண்டில் ஒரு சிறு காந்தம், பலகையில் ஓர் உணரி. தகடும் தகடும் தொட வேண்டியதில்லை. காந்தம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று உணரி அளந்துகொண்டே இருக்கும். எத்தனை மி.மீ.யில் பதிய வேண்டும் என்பதை நாமே வைத்துக்கொள்ளலாம். விரல் துளி மேலே எழும்பினாலே விசை விடுபட்டதாக எடுத்துக்கொள்ளும் ‘ரேபிட் டிரிகர்’ வசதியும் உண்டு. நெதர்லாந்தின் வூட்டிங் நிறுவனம் இதைப் பிரபலமாக்கியது. ஓட்டத்தை நிறுத்திய மறுகணம் சுட்டால்தான் குறி தப்பாது என்கிற வாலரண்ட், கவுன்டர்-ஸ்டிரைக் போன்ற ஆட்டங்களில் இதன் பலன் கையில் தெரியும். இன்னொரு படி மேலே போய், எதிரெதிர்த் திசை விசைகளில் கடைசியாக அழுத்தியதையே எடுத்துக்கொள்ளும் ‘ஸ்னாப் டேப்’ போன்ற வசதியும் வந்தது. அதைக் கவுன்டர்-ஸ்டிரைக் 2-இன் அதிகாரபூர்வ சர்வர்களில் 2024 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் தடை செய்துவிட்டது. தம்பிக்கு இதைச் சொல்லிவையுங்கள். அக்காவுக்கு ஒரு எச்சரிக்கை: தம்பி 0.1 மி.மீ. என்று வைத்துவிட்டுப் போனால், மறுநாள் காலை விசைமேல் விரலை வைத்ததுமே எழுத்துகள் தானாக விழும். ஆட்டத்துக்கு ஒரு அமைப்பு, வேலைக்கு ஒரு அமைப்பு என்று கீபோர்டிலேயே சேமித்து மாற்றிக்கொள்ள முடிகிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

அளவு. முழுக் கீபோர்டில் 104 விசை. வலது ஓரத்து எண் பகுதியை வெட்டினால் 87. எஃப் வரிசை, அம்புக்குறி எல்லாவற்றையும் வெட்டினால் 61. சின்னதாக இருந்தால் மவுஸை வீச இடம் கிடைக்கும் என்று தம்பி 61-ஐக் கேட்பான். ஆனால் அக்காவின் டேலியில் பேமென்ட் எஃப்5, ரசீது எஃப்6, ஜர்னல் எஃப்7, விற்பனை எஃப்8, கொள்முதல் எஃப்9. ஒவ்வொன்றுக்கும் ‘எஃப்என்’ விசையைச் சேர்த்து அழுத்த வேண்டுமென்றால் மார்ச் மாதக் கடைசியில் அக்கா கீபோர்டைத் தூக்கிப் போட்டுவிடுவார். எண் பகுதி இல்லாமல் தொகை அடிப்பதும் நடக்காது. இந்த வீட்டுக்கு ‘96 சதவீதம்’ என்று விற்கும் அளவு சரி. எண் பகுதியும் எஃப் வரிசையும் இருக்கும். இடைவெளிகளை மட்டும் நெருக்கியிருப்பார்கள். கணக்கு வேலை இல்லாத வீட்டுக்கு 87 விசையே உத்தமம்.

இனி வெளிச்சம். மலிவான மெம்ப்ரேனில் சில எல்இடிகளை மட்டும் வைத்து, ஒளியைப் பரப்பும் தகடு ஒன்றை அடியில் விரித்திருப்பார்கள். நடுவில் பளிச், ஓரத்தில் மங்கல். மெக்கானிக்கலில் பெரும்பாலும் விசைக்கு ஒரு எல்இடி. அங்கேயும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெரும்பாலான கேமிங் கீபோர்டுகளில் எல்இடி சுவிட்சின் மேல் ஓரத்தில், அதாவது மானிட்டர் பக்கமாக உட்கார்ந்திருக்கும். கீகேப்பின் மேல் பாதியில் இருக்கும் எழுத்து நன்றாக ஒளிரும். கீழ்ப் பாதியில் இருப்பது மங்கும். எண் வரிசையில் குறியீடு மேலே, எண் கீழே என்று அடுக்கியிருந்தால் இரண்டில் ஒன்று இருட்டில்தான் கிடக்கும். இரண்டையும் பக்கம் பக்கமாக மேல் பாதியிலேயே வைத்திருக்கும் கீபோர்டே யோசித்துச் செய்தது.

அதைவிட முக்கியம், எழுத்து எப்படி வந்திருக்கிறது என்பது. ஒரு வகையில், ஒளி ஊடுருவும் கீகேப்பின் மேல் கறுப்புப் பூச்சு அடித்து, எழுத்து வடிவத்தில் லேசரால் பூச்சைச் சுரண்டியிருப்பார்கள். புதிதில் அழகாக இருக்கும். அதிகம் புழங்கும் விசைகளில் பூச்சு தேய்ந்து, எழுத்தைச் சுற்றியும் ஒளி கசியத் தொடங்கும். இன்னொரு வகை ‘டபுள்-ஷாட்’. கறுப்புப் பிளாஸ்டிக்கையும் ஒளி விடும் பிளாஸ்டிக்கையும் இரண்டு தடவையாக வார்த்திருப்பார்கள். எழுத்து கீகேப்பின் உடம்பிலேயே இருப்பதால் தேய்ந்து போகாது. பிளாஸ்டிக்கிலும் ஏபிஎஸ் சீக்கிரம் பளபளத்து வழுக்கும். பிபிடி நெடுநாள் சொரசொரப்பாக நிற்கும். நம் ஊர் வியர்வைக்குப் பிபிடியே உகந்தது. பிபிடியில் சாயம் ஏற்றி எழுத்துப் பதித்த கீகேப்பும் உண்டு. அழகு, ஆயுள் இரண்டிலும் குறைவில்லை. ஆனால் எழுத்து வழியே ஒளி வராது. ஒளிரும் கீபோர்டு வாங்கி அதில் இதை மாட்டினால் விசைகளின் இடுக்கில் மட்டும் வெளிச்சம் தெரியும்.

முதலில் சொன்ன விதி இங்கே கைகொடுக்கும். விளக்கு வேண்டியது பழகாத விசைக்கு என்றால், எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்தும் ஒலி, வெளிச்சம், புளூடூத் போன்ற சின்னச் சின்ன அடையாளங்கள் எரிகின்றனவா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். பல கீபோர்டுகளில் அவற்றைக் கீகேப்பின் முன்சரிவில் வெறுமனே அச்சடித்துவிடுகிறார்கள். இருட்டில் எரிகிற எழுத்துகள் விரலுக்கு ஏற்கெனவே தெரிந்தவை. தெரியாதவை எரியவே இல்லை. இது பாதி விலைக்குக்கூடப் பெறாத வெளிச்சம்.

தமிழ் அடிப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1999-இல் தமிழக அரசு அங்கீகரித்த தமிழ்99 முறையில் உயிர் எழுத்துகள் இடது கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கும் வரும். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கே தட்டு. புள்ளி தானாக விழுந்துகொள்ளும். பழகியவருக்கு ஒளிர்கிற ஆங்கில எழுத்தால் ஒரு பயனும் இல்லை. பழகுகிறவர் தமிழ் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டுவார். ஒளி விடாத ஸ்டிக்கர் என்றால் கீழே இருக்கும் விளக்கையும் மறைத்துவிடும். கண்ணாடித்தாள் போன்ற ஸ்டிக்கர் வாங்கி, ஒளிரும் எழுத்தை மறைக்காமல் கீழ் மூலையில் தமிழ் எழுத்து வருமாறு ஒட்டிக்கொள்ளலாம். மாதக்கணக்கில் அது தேவைப்படாது. எஃப், ஜே விசைகளில் இருக்கும் சின்ன மேட்டை ஆள்காட்டி விரல்கள் கண்டுபிடிக்கப் பழகிவிட்டால், ஆய்தம் இடது கையிலும் ‘ப’ வலது கையிலும் நின்றுவிடும். மற்றவை அங்கிருந்து தானே வரும்.

நிறத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஒரே நிறத்தில், மங்கலாக, அசையாமல் எரிகிற விளக்கே எழுத்தைப் படிக்க உதவும். ஓடுகிற வானவில் கண்ணை மானிட்டரிலிருந்து இழுக்கும். அமைத்த நிறம் கீபோர்டின் நினைவகத்திலேயே சேமிக்கப்படுகிறதா, அல்லது ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அந்த நிறுவனத்தின் மென்பொருளை ஏற்ற வேண்டுமா என்று மட்டும் விசாரியுங்கள். கம்பியில்லாக் கீபோர்டில் பேட்டரியை அதிகம் குடிப்பது இந்த விளக்குதான். பெட்டியில் போட்டிருக்கும் பெரிய மணிக்கணக்கு பெரும்பாலும் விளக்கை அணைத்து வைத்தால் வருவது. ஆட்டத்துக்குக் கம்பி, அல்லது கூடவே தரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள். புளூடூத்தை எழுத்து வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடையில் இன்னும் இரண்டு சோதனைகள். ஸ்பேஸ் பாரின் இரண்டு ஓரங்களையும் மாறிமாறித் தட்டுங்கள். கடகடவென்று ஆடினால் அடியில் இருக்கும் ஸ்டெபிலைசர் சரியில்லை. விசைகள்மேல் உள்ளங்கையைக் குவித்து நிழலாக்கி, எஃப் வரிசையும் குறியீடுகளும் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பின்கால்களை மடக்கியே வையுங்கள். அவற்றை உயர்த்தினால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும். நெடுநேரம் அடிக்கிறவருக்கு அது வலி.

டீ கொட்டிவிட்டால் முதலில் கம்பியை உருவுங்கள், பிறகு கவிழ்த்துங்கள். நன்றாகக் காயும்வரை செருக வேண்டாம். சர்க்கரை உள்ளே பிசின் போல ஒட்டிய சுவிட்சை ஹாட்-ஸ்வாப் என்றால் மாற்றிவிடலாம்.

கடைசியாகப் பணம். பட்ஜெட் இடித்தால் எதை விடுவது என்பதற்கும் வரிசை இருக்கிறது. முதலில் 8,000 ஹெர்ட்ஸை விடுங்கள், அடுத்து பல வண்ணத்தை, அதற்கடுத்து கம்பியில்லா வசதியை. விடக் கூடாதவை மூன்று: கைக்கு ஒத்துவரும் சுவிட்ச், வேலைக்கு வேண்டிய விசைகள் எல்லாம் இருக்கும் அளவு, டபுள்-ஷாட் எழுத்து. இந்த மூன்றும் இருக்கிற ஒற்றை வெள்ளை விளக்குக் கீபோர்டு, இவற்றில் ஒன்று குறைகிற பல வண்ண (ஆர்ஜிபி) கீபோர்டைவிட அக்காவுக்கும் நல்லது, தம்பிக்கும் நல்லது. தம்பி இப்போதைக்கு ஒப்புக்கொள்ள மாட்டான். கடையில் அவனை விரலால் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்; விளக்கை அணைத்துவிட்டு.